ஒரே மனையில் இரண்டு மண்: எந்தக் கடைக்கால் போடுவது?

கேள்வியின் சுருக்கம்

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. பங்காளிகளோடு பொதுவில் இருந்த பழைய வீட்டை இடித்துப் பங்கு பிரித்ததில் இவர்களுக்குக் கொஞ்சம் பணமும், நிறையக் கருங்கல்லும், நாலைந்து தேக்குத் தூண்களும் வந்தன. ஊர்க் கடைசியில், கண்மாய்க்குத் தெற்கே உள்ள எட்டு சென்ட் மனையில் கீழே 1,500 சதுர அடி வீடு, சில வருடம் கழித்து மேலே ஒரு மாடி என்று திட்டம்.

சிக்கல் மனையில்தான். தென்மேற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, முன்பு கிராவல் வெட்டி எடுத்த கிடங்கு. ஆறேழு அடி ஆழம் இருந்ததாம். ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பழைய வீட்டை இடித்த கட்டி, காரை, மண், மரத்துண்டு எல்லாவற்றையும் கொட்டி நிரவிவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் கடப்பாரை இறங்காத செம்மண் சரளை. வடமேற்கு மூலையில் மட்டும் கோடையில் வெடிப்பு விடுகிற கருப்பு மண். மேற்கே ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டுச் சுவரில் படிபடியாக ஏறும் விரிசல் வேறு.

இவருடைய அப்பச்சி சொல்வது: "நம்ம ஊர் செம்புராங்கல் பூமி. நூறு வருச வீடெல்லாம் நிக்குது. மூணடி வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டிக் கருங்கல் கட்டினாப் போதும்." ஒப்பந்தக்காரர் சொல்வது: பதினாலு பில்லர், எல்லாம் ஐந்தடி ஆழம், நாலுக்கு நாலு அடியில் புட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் கான்கிரீட் பாதம்), மண் பரிசோதனையெல்லாம் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு. சென்னையில் இருக்கும் கொழுந்தனார் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்கிறார். தை 12 வாஸ்து நாளில் பூமி பூஜை. அன்றைக்கே ஜேசிபி வந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

எந்தக் கடைக்கால் சரி, மண் பரிசோதனை உண்மையிலேயே வேண்டுமா, பழைய வீட்டுக் கல்லைக் கடைக்காலில் போடலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்

வணக்கம் டீச்சர்.

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் மூன்று கடைக்கால் சொல்கிறார்கள். மூன்றுமே எங்கோ ஓர் இடத்தில் சரியானவைதான், அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூவருமே உங்கள் மனையை ஒரே மண் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நீங்கள் மட்டும்தான் அதில் இரண்டு மண், மூலையையும் சேர்த்தால் மூன்று மண் இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. கருங்கல்லா, பில்லரா, பைலா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எந்த வீடும் கட்டிய பிறகு கொஞ்சம் கீழே இறங்கும். மண் அமுங்கும், அது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு பக்கம் நிற்க, இன்னொரு பக்கம் இறங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது, கதவு பிடிக்கிறது, தளத்தில் நீர் தேங்குகிறது. உங்கள் மனையில் ஒரே மாதிரி கடைக்காலை ஒரே ஆழத்தில் போட்டால், ஒரு கால் தரையிலும் ஒரு கால் மெத்தையிலும் நிற்கிற கட்டில் மாதிரி ஆகிவிடும். கடைக்காலுக்கு எவ்வளவு கம்பி போட்டாலும் மெத்தை தரையாகாது.

நூறு வருட வீடுகள்

அப்பச்சி சொல்வதில் உண்மை உண்டு, அதனால் அவரிடம் நேரடியாக மறுத்துப் பேச வேண்டாம். செட்டிநாட்டு மண்ணில் பெரும்பகுதி செம்மண்ணும் செம்புராங்கல் சரளையும்தான். அந்தப் படுகையின் மேல் இரண்டு மாடி வீட்டைக் கருங்கல் கடைக்காலில் தாராளமாக நிறுத்தலாம். கணக்கும் அதையே சொல்கிறது. ஒன்பது அங்குலச் சுவர், மேலே ஒரு மாடி என்றால் சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கீழே ஐந்தாறு டன் எடை வரும். கடைக்கால் அடியில் இரண்டரை அடி அகலம் இருந்தால் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏழெட்டு டன். நல்ல சரளை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும்.

ஆனால் அந்தப் பழைய வீடுகளை நாம் பாதிதான் பார்க்கிறோம். கட்டியவர்கள் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பள்ளத்தை ஊருணிக்கும் கண்மாய்க்கும் விட்டார்கள். தெருவிலிருந்து பல படி ஏறிப் போகிற அளவுக்கு மட்டத்தை, அதாவது வீட்டுத் தரையின் உயரத்தை, உயர்த்தினார்கள். சுவர்கள் தடிமனானவை. சுண்ணாம்புக் காரை சிமென்ட்டைப் போல் விறைப்பானது அல்ல, சிறிய அசைவை உள்வாங்கிக்கொள்ளும். வேலையும் வருடக்கணக்கில் மெதுவாக நடந்ததால் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மண் பழகிக்கொண்டது. இன்று எட்டு மாதத்தில் சிமென்ட் வீட்டை எழுப்பிக் குடிபோகிறோம். தவிர, இடிந்து போன நூறு வருட வீடுகள் சாட்சி சொல்ல வருவதில்லை.

அந்தக் காலத்தில் யாரும் கிராவல் கிடங்கை மேவி அதன் மேல் வீடு கட்டவில்லை என்பதை அப்பச்சியிடம் சொல்லிப் பாருங்கள். அவரே ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஆறு மழை பார்த்த மண் இறுகியிருக்காதா?

உங்கள் கடிதத்தில் நான் மாற்ற விரும்பும் நம்பிக்கை இது ஒன்றுதான். "ஆறு வருடம், ஆறு ஐப்பசி மழை, நன்றாக அமர்ந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டிய மண் தன் எடையில் கொஞ்சம் அமரும். வீட்டின் எடை வந்த பிறகு எவ்வளவு அமரும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அதிலும் இடிபாட்டில் கட்டிகளுக்கு நடுவே பொந்துகள் இருக்கும். மரத்துண்டு மக்கும், கரையான் தின்னும், அந்த இடம் வெற்றிடமாகும். ஒவ்வொரு மழைக்கும் மேலுள்ள மண் அந்தப் பொந்துகளுக்குள் கரைந்து இறங்கும். அரையடி உயரத்துக்குள் அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கிய நிரப்பு வேறு, லாரியில் கொட்டி நிரவிய நிரப்பு வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. அதன் மேல் வீட்டின் எந்தப் புட்டிங்கும் உட்காரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்று. கிடங்காக இருந்தபோது அதில் மழைநீர் தேங்கியிருக்கும். ஆகவே கிடங்கின் அடி மண்ணும் ஊறி இளகியிருக்கும். நிரப்பை எடுத்துவிட்டால் போதாது, அதற்குக் கீழும் ஓரடியாவது வெட்டிக் கெட்டி மண்ணைத் தொட வேண்டும்.

மண் பரிசோதனை: என்ன கேட்டு வாங்குவது

வேண்டும், டீச்சர். அடுக்குமாடிக்கு மட்டும் என்பது ஒப்பந்தக்காரரின் வசதி. சின்ன வீட்டுக்கு, ஒரே சீரான மண்ணாக இருந்தால், நடுவில் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்தால் போதும் என்று நம் இந்தியத் தரக் குறியீடே சொல்கிறது. உங்கள் மண் சீரானது இல்லை. அதனால் குறைந்தது இரண்டு துளை கேளுங்கள்: ஒன்று கிடங்குப் பகுதியில், ஒன்று சரளைப் பகுதியில். கருப்பு மண் மூலையில் ஜேசிபி வைத்து ஏழெட்டு அடிக்கு ஒரு திறந்த குழி போதும். செலவு பெரும்பாலும் வீட்டின் மொத்தச் செலவில் ஒரு சதவீதத்தைக் கூடத் தொடாது. காரைக்குடி, மதுரை, திருச்சி பக்கம் பொறியியல் கல்லூரிகளிலும் தனியார் ஆய்வகங்களிலும் விசாரியுங்கள்.

துளை எவ்வளவு ஆழம்? புட்டிங்கின் எடை அதன் அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணில் உணரப்படும். உங்களுக்கு 15 முதல் 18 அடி கேட்டால் சரியாக இருக்கும். துளைக்குள் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை நீங்களே அருகில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிறவருக்கு இது கஷ்டமில்லை. பணம் கொடுத்தும் துளையே போடாமல் அறிக்கை மட்டும் வாங்கியவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

அறிக்கையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். எந்த ஆழத்தில் எவ்வளவு எஸ்பிசி, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை டன் பாதுகாப்பாகத் தாங்கும். நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நின்றது. நீர் பட்டால் மண் ஊதும் தன்மை எவ்வளவு. "பில்லர் புட்டிங் போடலாம்" என்ற ஒற்றை வரியோடு வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த எஸ்பிசி ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. உங்கள் வீட்டின் நடுப் பில்லர் ஒன்றுக்கு, மாடியையும் சேர்த்து, 30 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் ஒன்றரை சதுர மீட்டர் போதும், அதாவது ஏறக்குறைய நாலுக்கு நாலு. ஒப்பந்தக்காரர் சொன்ன அளவு இதுதான். மண் 10 டன்தான் தாங்கும் என்றால் ஆறுக்கு ஆறு வேண்டும். 5 டன் என்றால் எட்டுக்கு எட்டு. பதினோரு அடிக்கு ஒரு பில்லர் இருக்கிற வீட்டில் எட்டடிப் புட்டிங் போட்டால் பாதித் தரை கான்கிரீட்டாகிவிடும், அதற்குப் பதில் வீடு முழுவதுக்கும் ஒரே தட்டாக ராஃப்ட்டே போட்டுவிடலாம். ஒரே வீடு, ஒரே பில்லர், மண்ணை மட்டும் மாற்றினோம். பரிசோதனை செய்யாமல் "நாலுக்கு நாலு" என்று எப்படி வந்தது என்று அவரிடம் கேளுங்கள். போன வீட்டுக்குப் போட்டது என்பார்.

உங்கள் மனைக்கு உள்ள வழிகள்

முதல் வழி, வீட்டைக் கிடங்கிலிருந்து நகர்த்துவது. செலவில்லாத வழி. வடகிழக்கில் வீடு, தென்மேற்கில் கார் நிறுத்தமும் தோட்டமும். பொறியாளராக எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் கன்னி மூலையைக் காலியாக விடுவதற்கு அப்பச்சி சம்மதிக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1,500 சதுர அடிக்கு இடமும் நெருக்கடியாகும். வரைபடத்தை 1,300 அடிக்குச் சுருக்க முடியுமா என்று ஒரு முறை பாருங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

இரண்டாவது, கிடங்கில் வரும் புட்டிங்குகளை மட்டும் நிரப்பைத் தாண்டிக் கெட்டி மண் வரை இறக்குவது. சரளைப் பகுதியில் ஐந்தடி, கிடங்குப் பகுதியில் எட்டடி. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், பரிசோதனை முடிவு வேறு மாதிரி சொல்லாதவரை. ஆழமான குழியில் கெட்டி மண் வரை வெட்டி, மெலிந்த (சிமென்ட் குறைவான) கான்கிரீட்டால் நிரப்பி மட்டம் ஏற்றி அதன் மேல் புட்டிங் வைப்பதும் உண்டு. எது மலிவு என்பதை ஆழம் தெரிந்த பிறகு பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துப் புட்டிங்குகள் வேறு வேறு மட்டத்தில் இருக்கும்போது, மட்ட வித்தியாசம் ஓரடி என்றால் இடைவெளி இரண்டடியாவது வேண்டும். உங்களுக்கு வித்தியாசம் மூன்றடி, ஆகவே ஆறடி இடைவெளி. பில்லர்கள் பதினோரு அடிக்கு ஒன்று என்பதால் இது பொருந்திவிடும். எல்லாப் பில்லரையும் தரை மட்டத்தில் பெல்ட் பீம் கட்டிப் பிணைக்க வேண்டும்.

இந்த வழியில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பில்லர் எட்டடி ஆழத்தில் பத்திரமாக நிற்கும், ஆனால் அறையின் தரை பழைய நிரப்பின் மேலேயே கிடக்கும். இரண்டு வருடத்தில் டைல்ஸ் உள்வாங்கும், பீம் இல்லாமல் தரை மேல் எழுப்பிய குறுக்குச் சுவர் விரியும். "பில்லர் போட்டும் விரிசல் வந்துவிட்டதே" என்று வருகிறவர்களில் நிறையப் பேருடைய கதை இதுதான். ஆகவே கிடங்குப் பகுதியில் நிரப்பு முழுவதையும் அள்ளி எடுத்துவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் விட்டு, இயந்திரத்தால் இறுக்கி ஏற்றுங்கள். அது முடியாதென்றால் அந்த அறைகளின் தரையைப் பீம் மேல் நிற்கும் கான்கிரீட் தளமாகவே போட்டுவிடுங்கள். கண்மாய்க் கரம்பை சும்மா கிடைக்கிறதே என்று மட்டத்துக்குள் கொட்டவிடாதீர்கள். அது வயலுக்கு நல்லது, வீட்டுக்கு ஆகாது.

மூன்றாவது, ராஃப்ட். வீடு முழுவதுக்கும் ஒரே கான்கிரீட் தட்டு. சீராக இளகிய மண்ணில் அருமையான தீர்வு. பாதி சரளை, பாதி நிரப்பு என்றால் தட்டு நடுவில் வளையும், அதைத் தாங்க ஏகப்பட்ட கம்பி வேண்டும். நிரப்பை எடுக்காமல் ராஃப்ட் போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாலாவது, கொழுந்தனார் சொன்ன பைல். ஊதுகிற கருப்பு மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த அண்டர் ரீம்டு பைல் என்ற முறை உண்டு. அடியில் குமிழ் போல விரிந்திருக்கும், குமிழின் விட்டம் தண்டைப் போல் இரண்டரை மடங்கு. மூன்றரை மீட்டர் அல்லது அதற்கும் கீழே, ஈரம் மாறாத ஆழத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் பல இடங்களில் மேல் மண் இளகிய களி, அங்கே பைல் பேச்சு சகஜம். உங்கள் மனையில் இடிபாட்டுக்குள் கைத்துளைப்பான் இறங்காமல் கட்டியில் முட்டும், கீழே செம்புராங்கல்லில் குமிழ் வெட்ட முடியாது. கிடங்கு ஏழடி இல்லை, பதினைந்தடி என்று பரிசோதனையில் தெரியவந்தால் மட்டும் பைலைப் பற்றி மறுபடி பேசுவோம்.

பாதி வீட்டுக்குக் கருங்கல், பாதிக்குப் பில்லர் என்று சமரசம் செய்யலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்பச்சியையும் ஒப்பந்தக்காரரையும் திருப்திப்படுத்த நல்ல யோசனைதான், வீட்டுக்கு ஆகாது. இரண்டும் இறங்குகிற விதம் வேறு. நடுவில் இணைப்பு விட்டு இரண்டு தனிக் கட்டிடமாகக் கட்டினால்தான் அது சரிவரும்.

கருப்பு மண் மூலையும் பக்கத்து வீட்டு விரிசலும்

கருப்பு மண்ணின் குணத்தை வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். மண்ணைக் காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது, தண்ணீரில் ஊதும். தண்ணீர்க் குவளையில் மண் மட்டம் மற்றதைப் போல் ஒன்றரை மடங்கைத் தொடவில்லை என்றால் பெரிய ஆபத்தில்லை. இரண்டு மடங்கைத் தாண்டினால் அந்த மூலையில் எந்தப் புட்டிங்கும் அந்த மண்ணில் உட்காரக் கூடாது, வெட்டி எடுத்துக் கீழே போக வேண்டும். ஆய்வகமும் இதே சோதனையைத்தான் பத்து கிராம் மண்ணை வைத்து அளவாகச் செய்கிறது.

உங்கள் வரைபடத்தில் செப்டிக் டேங்க் அந்த மூலையில் இருக்கிறது. வாஸ்துப்படி சரியாக இருக்கலாம். ஊதுகிற மண்ணில் கசிகிற தொட்டி என்பது வருடம் முழுவதும் ஒரே இடத்தில் மழை பெய்வது போல ஆகும். ஊதல் அதிகம் என்று தெரிந்தால் தொட்டியைக் கெட்டி மண்ணுக்கு நகர்த்துங்கள், அல்லது வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கசியாத கான்கிரீட் தொட்டியாகக் கட்டுங்கள். கூரை நீரும் அங்கே விழ வேண்டாம்.

பக்கத்து வீட்டு விரிசல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த தகவல். கோடையில் அகன்று மழையில் மூடினால் ஊதும் மண். பருவம் எதுவானாலும் அகன்றுகொண்டே போனால் அவர்கள் சுவரும் நிரப்பின் மேல் இறங்குகிறது, அதாவது கிடங்கு உங்கள் எல்லையைத் தாண்டி மேற்கே போயிருக்கிறது. அவர்கள் அனுமதித்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு வையுங்கள். எப்படியிருந்தாலும் நீங்கள் எட்டடி தோண்டும்போது அந்தச் சுவருக்கு ஆபத்து உண்டு. தோண்டுவதற்கு முன் அவர்களையும் வைத்துக்கொண்டு எல்லா விரிசலையும் தேதியோடு படம் எடுங்கள். எல்லை ஓரக் குழிகளை ஒரே நாளில் வரிசையாகத் திறக்காமல், ஒன்றை வெட்டி, கான்கிரீட் போட்டு, மூடிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். நிரப்பு மண்ணில் செங்குத்தாக வெட்டிய எட்டடிக் குழி ஆளை மூடிவிடும். பக்கங்களைச் சரிவாக வெட்டவோ பலகை கொண்டு தாங்கவோ செய்யாமல் யாரையும் உள்ளே இறக்கவிடாதீர்கள். வேலை நடக்கும்போது நீங்கள் பள்ளியில் இருப்பீர்கள் என்பதால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தை 12

பூஜையைத் தள்ளிப்போட வேண்டாம். ஈசானிய மூலையில் செய்யும் பூஜைக்கு ஒரு சிறு குழி போதும், அது நல்ல மண்ணில்தான் இருக்கிறது. ஜேசிபி மட்டும் அன்றைக்கு வர வேண்டாம். கண்மாய் நிறைந்திருக்கும் தை மாதம் பரிசோதனைக்கு நல்ல காலம், நீர் மட்டம் அதன் உச்சத்தில் தெரியும். சித்திரையில் தோண்டிப் பார்த்தால் செம்மண்ணும் களியும் பாறை மாதிரி இருந்து ஏமாற்றும். மாசிக்குள் அறிக்கையும் கட்டமைப்பு வரைபடமும் வாங்கிவிட்டால், பங்குனி சித்திரையில் உலர்ந்த நாளில் வானம் தோண்டலாம். ஐப்பசிக்கு முன் மட்டம் வரை ஏறிவிடும்.

ஒப்பந்தமும் காகிதமும்

ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று கடைக்காலையும் சேர்த்துப் பேசியிருக்கிறார். அப்படிப் பேசினால் ஆழம் கூடும்போதெல்லாம் சண்டை வரும், அல்லது சண்டை வராமல் ஆழம் குறையும். இரண்டாவதுதான் மோசம். மட்டம் வரையுள்ள வேலையைத் தனியாகப் பிரித்து, தோண்டியது எத்தனை கன அடி, கான்கிரீட் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ என்று அளந்து பணம் தருவதாக எழுதுங்கள். அப்புறம் அவருக்கும் ஆழம் குறைக்கக் காரணம் இருக்காது. வரைபடம் அவரிடமிருந்து வேண்டாம், தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வாங்குங்கள். ஒவ்வொரு குழியின் அடி மண்ணையும் அவர் வந்து பார்த்த பிறகே கான்கிரீட் என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில. புட்டிங்குக்கு அடியில் மூன்று நாலு அங்குலம் பி.சி.சி. (கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்) உண்டா, கம்பிக்குக் கீழும் பக்கத்திலும் 50 மில்லிமீட்டர் கவர் கட்டை (கம்பியைச் சுற்றிக் கான்கிரீட்டுக்கு இடம் விடும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா, கான்கிரீட் எம்20 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, குழியில் தண்ணீர் நிற்கும்போதே கொட்டுகிறார்களா. தோண்டிய குழி மழையில் நனைந்துவிட்டால் இளகிய அடி மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பி.சி.சி. போட வேண்டும். தேக்குத் தூண் வைக்கப் போகிறீர்கள், ஆகவே மட்டம் நிரப்பும்போதே கரையான் மருந்து அடிக்க மறக்காதீர்கள். தரை போட்ட பிறகு அடித்தால் பாதிப் பலன்தான்.

கிடங்கு என்பதால் நிலத்தின் வகைப்பாட்டையும் ஒரு முறை பாருங்கள். பட்டா இருந்தாலும் அ-பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகை எழுதிய வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்பட நகலும் (நில அளவை வரைபடம்) எடுத்து, எந்தத் துண்டும் குட்டை, ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கில் விழவில்லை என்று நில அளவரை வைத்து உறுதி செய்யுங்கள். கண்மாய்ப் பக்கத்து மனைக்கு இது கட்டாயம்.

சுயசான்றில், அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று தந்து, உடனே அனுமதி கிடைக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னாராம். 2024-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனைக்கானது. எட்டு சென்ட் என்பது ஏறக்குறைய 3,485 சதுர அடி. ஆகவே 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி வழக்கமான முறையில் வரைபட அனுமதி வாங்குவதாகவே திட்டமிடுங்கள்.

பிறகு ஏதாவது தவறு நடந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு, 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், வங்கி வழியே பணம், தேதியிட்ட படங்கள் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர். வாட்ஸ்அப்பில் பேசிய ரேட்டை வைத்துப் போராடுவது கஷ்டம்.

பழைய வீட்டுக் கல்

தாராளமாகப் போடலாம். கருங்கல்லுக்கு வயதில்லை. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துக் கழுவுங்கள், அப்போதுதான் சிமென்ட் கலவை பிடிக்கும். பில்லர் முறைக்குப் போவதால் புட்டிங்கில் கல்லுக்கு வேலை இல்லை. ஆனால் பெல்ட் பீமிலிருந்து மட்டம் வரை சுற்றுச்சுவரைக் கருங்கல்லில் கட்டலாம், அப்பச்சி சொன்ன கல் கட்டும் வீட்டைச் சுற்றி வந்துவிடும். நீளமான பலகைக் கற்களை உடைக்க விடாதீர்கள், வாசல் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கல்லை இன்று விலை கொடுத்து வாங்கினால்தான் அருமை தெரியும். கிடங்கைத் தோண்டும்போதும் நல்ல கற்கள் வெளியே வரும். எடுக்கும் கல் உங்களுக்கே என்று ஜேசிபிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.